செடிகளுக்குக் குல்லா

நவம்பர் 9, ஞாயிறு

எங்கள் நாற்றுகளைக் கொன்றது அரசப்பன். செத்து ஒரு மாதம் ஆன பிறகு வந்து கொன்றார்.

நேற்று மாலை பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் அங்கன்வாடிக்குப் பின்னால் எங்கள் பாத்திகள் இருந்த இடத்தில் குளம். தக்காளி, கத்திரி, மிளகாய் எல்லாம் முளைத்து இரண்டு இலை விட்டிருந்தன. இப்போது செம்மண் தண்ணீர், அதில் ஒரு தவளை. தண்ணீர் ரோட்டுக்கு அடியில் இருக்கும் குழாய் வழியாக ஏரிக்கு ஓட வேண்டும். ஓடவில்லை. அன்புச்செல்வி அக்கா புடவையைச் சொருகிக்கொண்டு இறங்கி, முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டியைக் குழாய்க்குள் விட்டு இழுத்தாள். வந்தது ஒரு பிளெக்ஸ் பேனர். விரித்தோம். அரசப்பன். இரண்டு ஆள் உயரம், கூப்பிய கை, தங்க வாட்ச். ‘கண்ணீர் அஞ்சலி’.

கருமாதி முடிந்ததும் கழற்றி வாய்க்காலில் போட்டுவிட்டார்கள். யார் என்று விசாரிக்க வேண்டியதில்லை. அவர் மகன் ராம்கிதான் எங்கள் ஊராட்சித் தலைவர்.

இந்த இடம் புறம்போக்கு. எங்கள் தெருப் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து முள்ளை வெட்டி, பாட்டில் பொறுக்கி, ஆடியில் தோட்டமாக்கினோம். அன்புச்செல்வி அக்காதான் குழுவுக்குத் தலைவி. போன கிராம சபையில் ராம்கி சொன்னார்: “ஜனவரி இருவத்தாறு வரைக்கும் வச்சிக்கோங்க. செடி நின்னா பார்க்கலாம். நிக்கலன்னா குப்பை பிரிக்கிற ஷெட்டு அங்கதான் வருது.” ஊர்க் குப்பை மொத்தமும். ஏன் அங்கே என்று கேட்டேன். “ஒதுக்குப்புறமா இருக்குதில்லம்மா.”

ஒதுக்குப்புறம். அங்கே நாங்கள் நாற்பது வீடு இருக்கிறோம்.

காலனி என்று இனி எழுதக் கூடாது என்று அரசாங்கம் சொல்லியிருக்கிறது. நல்லது. தெருவின் பெயர் மாறட்டும். தண்ணீர் பழைய விலாசத்துக்கேதான் வருகிறது.

நவம்பர் 10

விதை மறுபடி வாங்கியாச்சு. கோபம் வாங்க வேண்டியதில்லை, வீட்டிலேயே இருக்கிறது.

நவம்பர் 13, வியாழன்

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் நான் வேலை செய்கிற செல்போன் கடையில் மத்தியானம் ஆளே வராது. இயற்பியல் பட்டம் வாங்கி டெம்பர்ட் கிளாஸ் ஒட்டுகிறேன். குமிழி இல்லாமல் ஒட்டுகிறேன், அதற்காவது படிப்பு உதவட்டும்.

சாப்பிட்டுக்கொண்டே ஒரு வீடியோ பார்த்தேன். ஏதோ குளிர் நாடு. ஒரு வெள்ளைக்காரி, செடி ஒவ்வொன்றின் மேலும் மணி மாதிரி ஒரு கண்ணாடிக் கூடு கவிழ்த்து வைத்திருக்கிறாள். உள்ளே கீரை ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அந்த ஒரு கண்ணாடி விலைக்கு எங்கள் தெருவில் ஒரு வீடு ஒரு வாரம் சாப்பிடும்.

ஆனால் கண்ணாடிதான் வேண்டுமா? ஒளி போக வேண்டும், மழை அடிக்கக் கூடாது, ஆடு வாய் வைக்கக் கூடாது. அவ்வளவுதானே?

அம்மாவிடம் காட்டினேன். “கோழி கவுக்கிற கூடை மாதிரி இருக்குது. இதுக்கு போயி போன் பாக்கணுமா?” என்றாள். சின்னபொண்ணு என்று பெயர் வைத்தாலும் வைத்தார்கள், என் அம்மாவை எதுவும் பெரிதாக ஆச்சரியப்படுத்த முடியாது.

நவம்பர் 16, ஞாயிறு

மேம்பாலத்துக்குக் கீழே அமீர் பாட்சா பாயின் பழைய சாமான் கடை. தண்ணீர் கேன்கள் மலையாகக் கிடக்கின்றன, இருபது லிட்டர் கேன், வெடித்தது, கீறல் விழுந்தது.

“வெடிச்ச கேன் எத்தன இருக்குது பாய்?”

“வெடிச்சத வாங்கி இன்னா பண்ணப் போற?”

“அடிய அறுத்துட்டு செடி மேல கவுக்கணும்.”

“செடிக்கு குல்லாவா!” வயிறு குலுங்கச் சிரித்தார். “ஊரே ஜனங்களுக்கு குல்லா போட்டுக்கினு இருக்குது, நீ செடிக்கு போடறியா? எடுத்துக்கோ. எடுத்துக்கினு போ.”

சும்மா கொடுக்கவில்லை. அவர் போனில் இடமே இல்லை என்று காட்டுகிறதாம், சரி பண்ணிக் கொடுக்க வேண்டுமாம். திறந்தால் பாதிக்கு மேல் ரோஜாப்பூவும் காலை வணக்கமும். அழிக்கப் போனேன், கையைப் பிடித்துவிட்டார். “அது குவைத்துலேர்ந்து மச்சான் அனுப்பறதும்மா. நான் பார்க்கறதில்ல. ஆனா பார்த்தியான்னு கேப்பான்.” வேறு எதையோ அழித்தேன். ஷேர் ஆட்டோவில் கேன்களைக் கயிறு கட்டி ஏற்றினோம். வழியெல்லாம் டிரைவர், “தண்ணி இல்லாத கேன ஏத்திக்கினு போற மொத சவாரி” என்று புலம்பிக்கொண்டே வந்தார்.

பெயர் நின்றுவிட்டது. தெருவில் எல்லோரும் இப்போது குல்லா என்றுதான் சொல்கிறார்கள்.

நவம்பர் 19

அறுக்கிறோம், அறுக்கிறோம், அறுத்துக்கொண்டே இருக்கிறோம். ஆக்சா பிளேடை வெறும் கையால் பிடித்து என் உள்ளங்கை கிழிந்தது. அன்புச்செல்வி அக்கா பிளேடின் ஒரு முனையில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கைப்பிடி செய்தாள். சின்னச் செடிகளுக்குக் கல்யாண மண்டபத்தின் தண்ணீர் பாட்டில்கள். உடைந்த பெடஸ்டல் பேனின் கம்பிக் கூண்டு இரண்டு கிடைத்தது, அதன் மேல் புது மெத்தைக்கு வருகிற பிளாஸ்டிக் உறை. காற்றில் பறக்காமல் இருக்க, செத்த குடைகளின் கம்பியை வளைத்துத் தரையில் குத்தினோம்.

நீளப் பாத்தி ஒன்று மிச்சம். வயரிங் பைப்பை வில்லாக வளைத்து நட்டு, அதன் மேல் மழைக்கு மட்டும் இறக்கிவிடுகிற மாதிரி ஒரு கூரை வேண்டும். பேனர் கழுவிக் காய்ந்துகொண்டிருந்தது.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “செத்தவரு மூஞ்சிய போட்டு பயிர மூடுவியாடி?”

“உயிரோட இருந்தப்போ நம்ம தெரு பக்கமே வந்ததில்ல. இப்பவாவது வரட்டும்.”

“மூஞ்சிய உள்பக்கமா திருப்பிப் போட்டுட்டா யாருக்கும் தெரியாது” என்றாள் அன்புச்செல்வி அக்கா. தீர்ப்பு ஆயிற்று.

நவம்பர் 24

கனமழை எச்சரிக்கை. நாளைக்கும் நாளன்றைக்கும் விழுப்புரத்தில் கம்பெனிப் பயிற்சி. ராத்திரி தமிழ்ச்செல்வி வீட்டில் தங்கல், காலேஜில் கூடப் படித்தவள். கிளம்பும்போது எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: எல்லா கேன் மூடியையும் போடுங்க, ஓரத்துல மண்ணு அணைங்க, தண்ணி ஒரு சொட்டு உள்ள போவக் கூடாது, நான் வர்ற வரைக்கும் யாரும் தெறக்காதீங்க.

இந்த முறை சாகாது.

நவம்பர் 27

செத்துடுச்சி. எல்லாம்.

மழையே வரலை. ரெண்டு நாளும் சித்திரை மாதிரி வெயிலு. கேனைத் தூக்கினா உள்ளேருந்து குப்புன்னு ஆவி, இட்லிப் பானை தெறந்த மாதிரி. உள்ள செடி இல்ல, வெந்த கீரை.

நான் மண் அணைக்கச் சொன்னேன். இவர்கள் மண் அணைத்து, அதன் மேல் சாணி போட்டு மெழுகியிருந்தார்கள். கேப்பை கொட்டி வைக்கிற குதிருக்கு வாய் அடைக்கிற மாதிரி, எறும்பு போகிற சந்துகூட இல்லாமல், விரல் தடம் அழகாகத் தெரிய. பத்துப் பேரும் சேர்ந்து ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து செய்திருக்கிறார்கள். “நீதான ஒரு சொட்டு போவக் கூடாதுன்ன” என்று அன்புச்செல்வி அக்கா மெதுவாகச் சொன்னாள். அவள் கண் கலங்கியிருந்தது.

அந்த வெள்ளைக்காரி குளிருக்கு மூடுகிறாள். எனக்கு வேண்டியது மழைக்கு. அவளுக்கு உள்ளே சூடு சேர வேண்டும், எனக்குச் சேரவே கூடாது. இதுகூடத் தெரியாதா எனக்கு? இதைத்தானே பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினேன்?

ராம்கிக்கு இதைவிட என்ன வேணும்? ஒரு ஆளும் வந்து அழிக்கத் தேவையில்ல. நாமளே அவிச்சிட்டோம்.

நவம்பர் 28

ஒன்று சாகவில்லை. தோள்பட்டையில் பெரிய ஓட்டை விழுந்த கேன், அதற்கு மூடியும் இல்லை. குறைந்துபோனதால் ஒப்புக்குக் கவிழ்த்தது. உள்ளே ஒரு தக்காளி, நான்கு இலை, பச்சைப்பசேலென்று. சூடு மேலே ஏறும். ஏறினால் வெளியே போக வழி வேண்டும்.

நவம்பர் 30, ஞாயிறு

அடுப்பில் கம்பி காய்ச்சி எல்லாக் குல்லாவுக்கும் கழுத்தைச் சுற்றி ஓட்டை போட்டோம். ஓரத்தில் மூன்று கூழாங்கல் வைத்து அதன் மேல் நிறுத்துகிறோம், கீழேயிருந்து காற்று வர. மூடி மழைக்கு மட்டும். பகலில் யார் வீட்டில் இருக்கிறார்களோ அவர்கள் வெயிலைப் பார்த்துக் கழற்ற வேண்டும். யார் கழற்றுவது என்பதில் சண்டை. அந்தச் சண்டை எனக்குப் பிடித்திருந்தது. செடிக்காக நடக்கிற சண்டை.

கீரையும் முள்ளங்கியும் சேர்த்து விதைத்தோம், சீக்கிரம் கண்ணில் தெரிய. விதைக்கு அக்கா அவள் தம்பி அலெக்ஸைக் கெடார் வரைக்கும் வண்டியில் விரட்டினாள்.

டிசம்பர் 7, ஞாயிறு

விடிய விடியக் கொட்டியது. குழாய் இந்த முறை அடைக்கவில்லை, நாங்களே காவல். குடையைப் பிடித்துக்கொண்டு பத்துப் பேரும் ஓடினோம். குல்லாக்களின் மேல் மழை அடிக்கிற சத்தம் பறை மாதிரி. ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே முளைகள் நனையாமல், கழுத்தை நீட்டிக்கொண்டு, என்ன ஆச்சு என்று கேட்கிற மாதிரி.

அம்மா சிரித்தாள். சத்தமாக. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எவ்வளவு நாள்?

டிசம்பர் 10

யாரோ பேனர் கூரையை அடியிலிருந்து போட்டோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். ‘அரசப்பன் ஐயா மேலோகத்திலிருந்து வந்து தோட்ட வேலை பார்க்கிறார்’ என்று கீழே எழுதி. எங்கள் தெரு ஆள் இல்லை, அந்தக் குழுவில் எங்களைச் சேர்ப்பதே இல்லை.

சாயந்திரம் ராம்கி இரண்டு பைக்கில் நான்கு பேரோடு வந்தார்.

“யாரு வேல இது?”

“என் வேலைதான். உங்க குழாய்லேர்ந்து எடுத்தது.”

“எங்கப்பா மூஞ்சிய எருவு மேல கட்டி வச்சிருக்கீங்க. எவ்ளோ திமிரு.”

“சாக்கடையில போட்டப்போ யாரு மூஞ்சி அது?”

அம்மா என் கையைக் கிள்ளினாள். அன்புச்செல்வி அக்கா நடுவில் வந்தாள். “தலைவரே, மூஞ்சி உள்பக்கமாத்தான் இருக்குது. ஐயா நாள் பூரா செடிங்கள பாத்துக்கினு இருந்தாரு. பாருங்க, ஒரு பூச்சிகூட வரல.” ராம்கியின் பின்னால் நின்ற ஒருவன் சிரித்துவிட்டான். அதோடு தொலைந்தது. ராம்கி தானே பாத்திக்குள் இறங்கிப் பேனரைப் பிடுங்கினார். பைப்புகள் முறிந்தன. முள்ளங்கி வரிசை மேல் ஷூ.

நான் இன்னா இன்னாவோ கத்தினேன். என்ன என்று இப்போது நினைவில்லை. ‘உங்க குப்பைய நாங்க கழுவி வச்சிருக்கோம்’ என்றது மட்டும் நினைவிருக்கிறது.

பிறகு நடந்ததுதான் இன்னும் பொறுக்கவில்லை. அவ்வளவு பெரிய பேனரை ஒரு ஆள் மடிக்க முடியாது. கூட வந்தவர்கள் சேற்றில் இறங்கவில்லை. ராம்கி தனியாக மல்லுக்கட்டினார், ஒரு பக்கம் மடித்தால் மறுபக்கம் மண்ணில் விழுகிறது. அம்மா போய் மறுமுனையைப் பிடித்தாள். இரண்டு பேரும் புடவை மடிக்கிற மாதிரி எதிரெதிரே நின்று, கிட்ட வந்து, விலகி, மடித்தார்கள். ராம்கி அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

“ஏம்மா புடிச்ச?” அவர்கள் போனதும் கேட்டேன்.

“செத்தவருடி. மண்ணுல இழுத்துக்கினு போவ வுட்டுடுவேனா?”

இரண்டு மணி நேரம் அவளோடு பேசவில்லை.

டிசம்பர் 11

மண்டபத்துக் குப்பையில் வேறு பேனர். ‘பூப்புனித நீராட்டு விழா’. இந்தப் பெண்ணின் அப்பாவும் வருவாரோ என்னவோ. வந்தால் மடித்துக் கொடுக்க அம்மா இருக்கிறாள்.

டிசம்பர் 16, செவ்வாய்

எனக்கு வார விடுமுறை. நடுப்பகல், தெருவே கடலைக்குக் களை எடுக்க மல்லாட்டைக் கொல்லைக்குப் போயிருந்தது. ஏரிக்கரைப் பக்கமாக ஒரு அம்மாள் வந்தார். வெறும் நெற்றி. முதலில் யார் என்று தெரியவில்லை. அரசப்பன் மனைவி வடிவு. புருஷன் செத்து மூன்று மாதம்கூட ஆகாத பெண் வாசல் தாண்டினாலே ஊரில் பேசுவார்கள். இவர் தாண்டி, எங்கள் தெருவுக்கு வந்திருக்கிறார்.

சண்டைக்குத் தயாராக நின்றேன்.

“அந்த படம் இங்கதான் இருந்துச்சா?” என்றார்.

“இருந்துச்சி. உங்க புள்ள எடுத்துக்கினு போயிட்டாரு.”

“நல்லாவே இல்ல அந்த படம். பொண்ணு கல்யாணத்துல எடுத்தது. பக்கத்துல நான் நின்னேன். என்னை வெட்டிட்டு போட்டிருக்கானுங்க.” முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, “அவரு தோள்ல ஒரு கை தெரியும், பார்த்தியா? என்னுதுதான்” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினேன். அவர் அடக்கவில்லை.

ஒவ்வொரு குல்லாவாகக் குனிந்து பார்த்தார். கழுத்தில் எதற்கு ஓட்டை, கல் எதற்கு என்று கேட்டார். கத்திரி நாற்று நாலு வேண்டும் என்றார். “இன்னும் சின்னதும்மா, பத்து நாள் போவணும்” என்றேன். “அப்ப குல்லாவோட குடு. சும்மா உக்காந்துக்கினுதான இருக்கேன், நான் வெயில் பார்த்து தெறந்து மூடறேன்.” நாற்றுகளை மண்ணோடு பெயர்த்து ஒரு தகர டப்பாவில் வைத்துக் கொடுத்தேன். குல்லாவை இடுப்பில் குடம் மாதிரி வைத்துக்கொண்டு ஏரிக்கரையில் போனார். யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு முறைகூடத் திரும்பவில்லை.

நல்ல மனுஷி என்று எழுத ஆசையாக இருக்கிறது. எழுத மாட்டேன். அவர் வீட்டுக் குப்பையும் அந்த ஷெட்டுக்குத்தான் வரப்போகிறது.

டிசம்பர் 28

நாற்றுகளைப் பிடுங்கி நட்டோம். ஊர்த் தெருவிலிருந்து மூன்று பெண்கள் வந்தார்கள். அவரவர் வீட்டு வெடித்த கேனைத் தூக்கிக்கொண்டு. அறுத்துத் தர வேண்டுமாம். வடிவம்மா வீட்டுக் கொல்லையில் பார்த்தார்களாம்.

“பிளேடு அங்க இருக்குது. நீங்களே அறுங்க” என்றேன். அன்புச்செல்வி அக்கா முறைத்தாள். ஆனால் அவர்கள் உட்கார்ந்து அறுத்தார்கள். ஒருத்திக்கு விரல் கிழிந்தது, அம்மா மஞ்சள் வைத்துக் கட்டினாள். பேச்சு பேச்சாகப் போயிற்று: மருமகள், மயில் தொல்லை, பிரம்மதேசத்துப் பஸ் நேரத்துக்கு வராதது. ஷெட்டைப் பற்றி யாரும் எடுக்கவில்லை. நான் எடுத்தேன்.

“அது ஆம்பளைங்க பேசறது” என்றாள் ஒருத்தி.

“நாத்தம் பொம்பளைங்களுக்கும் சேர்த்துத்தான் அடிக்கும். காத்து உங்க பக்கம்தான் போவுது.”

அறுக்கிற கேனைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். ஆனால் எழுந்தும் போகவில்லை.

ஜனவரி 15, பொங்கல்

எங்கள் முள்ளங்கி, எங்கள் கீரை, எங்கள் குழம்பு. இன்றைக்குக் கோபப்பட நேரமில்லை.

ஜனவரி 21

தக்காளி பூ விட்டது. வெயில் ஏறிவிட்டதால் குல்லாக்களைக் கழற்றி அங்கன்வாடிச் சுவரோரம் அடுக்கினோம். செடிகள் முதல் முறையாகக் காற்றில் ஆடுகின்றன. பயமாக இருக்கிறது எனக்கு, அவற்றுக்கு இல்லை.

ஜனவரி 26, திங்கள்

கிராம சபையில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுகிறேன். ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் புங்கமரம், சாமியானா. கொடி ஏற்றி, மிட்டாய் கொடுத்து, வரவுசெலவு படித்து முடித்தாகிவிட்டது. வெயில் தலைக்கு மேல் வந்து சாயத் தொடங்கிவிட்டது.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. முதலில் நோட்டில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். வடை, டீ. ஜனங்கள் கிளம்பிவிடுவார்கள். தீர்மானத்தை அப்புறம் உள்ளே உட்கார்ந்து எழுதிக்கொள்வார்கள். கையெழுத்துக்கு மேலே என்ன வந்தது என்று போட்டவர்களுக்குத் தெரியாது. வருஷா வருஷம் இதுதான் நடந்தது. நானே இரண்டு முறை போட்டிருக்கிறேன்.

காலையில் ராம்கி தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். ஒரு தக்காளிப் பிஞ்சைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். சபையில் ஷெட் விஷயம் வந்தபோது, “இடம் அப்புறம் முடிவு பண்ணிக்கலாம்” என்று வேகமாகப் படித்துத் தாண்டினார். அப்புறம் என்றால் எப்போது? யார்? எங்கே?

நோட்டு எங்கள் வரிசைக்கு வந்தது. அம்மா வாங்கி, திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். அன்புச்செல்வி அக்காவும் நானும் பேசி வைத்தது நான் எழுந்து கேட்பதாக. நான் எழுவதற்குள் அம்மா எழுந்துவிட்டாள். இதுவரைக்கும் எந்தச் சபையிலும் வாய் திறக்காதவள்.

“கையெழுத்து போடறோம். மொதல்ல அந்த எடம் தோட்டத்துக்குன்னு எழுதுங்க. எழுதி சத்தமா படிங்க.”

“அம்மா, நேரம் ஆவுது. ஆளு கணக்கு சேரணும். கையெழுத்த போட்டுட்டு பேசுங்க” என்றார் செயலாளர்.

“செடி நின்னா பார்க்கலாம்னாரு தலைவரு. நிக்குது.”

டீ வந்தது. எங்கள் வரிசையில் யாரும் எடுக்கவில்லை. ஆண்கள் பாதிப் பேர் போய்விட்டார்கள். மேலேயிருந்து வந்த அதிகாரி போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருக்கிறார். ஊர்த் தெருப் பெண்கள் கிளம்புவார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன். அவர்கள் கையெழுத்தும் இன்னும் விழவில்லை. விரல் கிழித்துக்கொண்டவள் புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எழவில்லை. அவள் பக்கத்தில் இருப்பவளும் எழவில்லை.

செயலாளர் பேனாவை மூடுகிறார், திறக்கிறார். ராம்கி மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு எங்கேயோ பார்க்கிறார்.

அம்மா இன்னும் உட்காரவில்லை. நோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மறுபடி கேட்கிறாள்:

“எழுதுங்க தலைவரே.”